சிரட்டைத் தீ



குளிர்நாட்டுக் கதைகளை வாசித்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒரு தச்சரோ கொல்லரோ தன் பட்டறையின் மூலையில் இரும்பு அடுப்பொன்றை வைத்து, விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறார். விரல்கள் விறைக்காமல் இருந்தால்தானே உளி பிடிக்கலாம். அந்த அடுப்பு மனிதனுக்காக எரிவது.

பள்ளிவாசல்துறையில் அத்தகைய அடுப்புக்கு வேலை இல்லை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், ஒரு பக்கம் பெருங்கடலும் மறு பக்கம் களப்பும் அணைத்திருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டு மணலில், மாசி பங்குனி மாதங்களில் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆனாலும் இந்தக் கரைகளின் தென்னந்தோட்டங்களுக்குள்ளே, இரவும் பகலும் தீ மூட்டிச் சூடாக்கப்படும் கொட்டில்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. அங்கே தீ எரிவது மனிதனுக்காக அல்ல, தேங்காய்க்காக. கொப்பராக் கொட்டிலைத்தான் சொல்கிறேன். அந்தக் கொட்டிலின் தீக்கு ஒரு வரலாறு உண்டு. அது நமது தோட்டத்து வேலிக்குள் அடங்காத வரலாறு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இலக்கியம் பேசும் இடத்தில் சொல்லிலிருந்து தொடங்குவதுதானே முறை.

"கொப்பரா" என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை தலைகீழானது. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய கொப்பரை என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டார்கள். கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கேய மருத்துவர், 1563இல் அங்கே அச்சிட்ட தம் மூலிகை நூலில், உலர்ந்த தேங்காய்ப் பருப்பை இந்நாட்டார் இப்பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் அச்சொல் போயிற்று. கயிறு என்ற நமது சொல் ஆங்கிலத்தில் தும்பைக் குறிக்கும் சொல்லானதும் இதே வழியில்தான்.

கொடுத்த நாம் ஒன்றை வாங்கவும் செய்தோம். பாண் சுடும் அடுப்பையும், செங்கல் சுடும் சூளையையும், கொப்பரா காயவைக்கும் தீக்குழியையும் இலங்கைத் தமிழில் போறணை என்கிறோம். தமிழகத்து நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டால் விழிப்பார்கள். சிங்களத்திலும் ஏறக்குறைய இதே சொல் உண்டு. அடுப்பைக் குறிக்கும் "போர்னு" என்ற போர்த்துக்கேயச் சொல்லே இதன் வேர் என்பர். ஆக, கொப்பராப் போறணை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது, போய் வந்த ஒரு சொல்லையும் வந்து தங்கிய ஒரு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம். நானூறு ஆண்டு வணிகம் இந்த இரண்டு சொற்களுக்குள் கிடக்கிறது.

போர்த்துக்கேயருக்கு முன்னரும் இக்கரைக்கு வந்து போனவர் உண்டு. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா இலங்கையில் இறங்கிய பட்டாலா என்ற துறை புத்தளமே என்பது பல அறிஞரின் கருத்து. அந்தச் சிறிய அழகிய பட்டினத்தைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரத்தாலான காவற்கோபுரங்களும் இருந்ததாகவும், ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரத்துண்டுகள் கரை நெடுகக் குவிந்து கிடந்ததாகவும் அவர் எழுதினார். தேங்காயை மனிதத் தலைக்கு ஒப்பிட்டு வருணித்தவரும் அவரே. கறுவா மரம் கரையில் விறகாய்க் கிடந்த காலம் அது! இன்று அப்படி ஒரு துண்டு ஒதுங்கினால் அதற்குப் பத்துப் பேர் உரிமை கொண்டாடுவார்கள்.

பள்ளிவாசல்துறை என்ற பெயரிலும் இந்தப் போக்குவரத்தின் தடம் இருக்கிறது. துறை என்றால் தோணி வந்து நிற்கும் இடம். பள்ளிவாசல் என்றால் வந்தவர்கள் நின்று தொழுது நிலைத்த இடம். இரண்டு சொற்களும் சேர்ந்தே ஊராகி இருக்கின்றன. இதே குடாநாட்டின் முனையில், கற்பிட்டியில், ஒல்லாந்தர் 1667இல் தொடங்கிக் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர்தான் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை "தமிழ் புளூட்டாக்" என்ற பெயரில் 1859இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவர். 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய தகவல் திரட்டு ஒன்றையும் அவர் வெளியிட்டார். அவர் நடந்து திரிந்த மணலில், அவருடைய வாழ்நாளிலேயே ஒரு மாற்றம் ஆரம்பமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு நின்ற தென்னை, வணிகத் தோட்டமாக மாறத் தொடங்கியது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன? மெழுகுவர்த்தி என்றால் நம்புவீர்களா?

இங்கிலாந்தில் அக்காலத்து ஏழையின் விளக்கு மாட்டுக் கொழுப்பால் ஆனது. எரியும்போது நாறும், புகையும், திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். 1830இல் லண்டனில் இரண்டு பங்காளிகள், தேங்காய் எண்ணெயின் கெட்டியான பகுதியை அழுத்திப் பிரித்தெடுக்கும் காப்புரிமை ஒன்றை வாங்கினார்கள். தங்கள் சொந்தப் பெயர் வணிகத்தில் அடிபடக் கூடாது என்று பிரைஸ் என்ற பெயரில் கம்பனி நடத்தினார்கள். மெழுகுவர்த்தி வியாபாரம் அன்று அத்தனை மதிப்பான தொழில் அல்ல! அவர்கள் இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டத்தில் முதல் போட்டார்கள். 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்தை ஒட்டி, திரி கத்தரிக்க வேண்டாத மலிவு மெழுகுவர்த்தியை விற்பனைக்கு விட்டார்கள். அதில் தேங்காய்க் கொழுப்பும் கலந்திருந்தது. லண்டன் வீட்டுச் சன்னல்களில் அன்றிரவு எரிந்த விளக்கில் இலங்கைத் தென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

பின்னர் சவர்க்காரம் வந்தது. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். ஆகவே கப்பலோட்டிகள் அதை விரும்பினார்கள். அதற்குப் பின் மாஜரின். கொழும்பிலிருந்து ஏ.எம். அன்ட் ஜே. பேர்குசன் நிறுவனத்தார் 1885இல் தென்னையைப் பற்றியே ஒரு முழு நூல் வெளியிட்டார்கள் என்றால், முதல் போட வந்தவர்களின் பசி எத்தனை என்று ஊகித்துக்கொள்ளலாம். நீர்கொழும்பு, சிலாபம், குருநாகல் என்று முக்கோணமாகத் தென்னை பரந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வெட்டி, ஆங்கிலேயர் காலத்தில் நீட்டிய கால்வாய் வழியே பாதை ஓடங்கள் தெற்கு நோக்கிச் சரக்கு ஏற்றிச் சென்றன.

தேங்காயாக அனுப்பினால் பாதிப் பாரம் பொச்சும் தண்ணீரும்தான். கப்பற்கூலி கட்டாது. பருப்பை மட்டும் அனுப்பலாம் என்றால் இரண்டாம் நாளே வழுவழுத்துப் புளித்துவிடும். புதிய பருப்பில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை நூற்றுக்கு 6 என்ற அளவுக்கு இறக்கினால்தான் அது கொப்பரா. அப்படி இறக்கிய கொப்பராவில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் எண்ணெய்.

நம் நாட்டில் கொப்பராவைக் கண்டி என்ற நிறையால் அளந்தார்கள். ஒரு கண்டி என்பது 560 இறாத்தல், அதாவது 254 கிலோ. அதற்குச் சுமார் 1200 தேங்காய் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கண்டி கொப்பரா எடுக்க வேண்டுமானால் இருநூறு லீட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்ப வேண்டும். ஒரு பெரிய எண்ணெய்ப் பீப்பாய் நிறையத் தண்ணீர்! அதைக் கொதிக்கவும் விடக் கூடாது, பருப்பைக் கருகவும் விடக் கூடாது. கொட்டிலைச் சூடாக்குவது என்ற கலையின் முழுச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

வெயில் இருக்கிறதே, தீ எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புத்தளம் வறண்ட பூமி. நல்ல வெயிலில் பாயிலும் முற்றத்திலும் பரப்பி ஒரு வாரத்தில் வெள்ளை வெளேரென்று கொப்பரா எடுத்தவர்கள் இங்கே இருந்தார்கள். ஆனால் தேங்காய் ஆண்டு முழுவதும் விழுகிறது. வெயில் ஆண்டு முழுவதும் நம்பக்கூடியதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று மழையோடு வரும்போது முற்றத்தில் கிடக்கும் பருப்பு என்ன ஆகும்? மழை இல்லாவிட்டாலும் இரவுப் பனி இருக்கிறது. பகலில் காய்ந்தது இரவில் ஈரம் குடிக்கும். அந்த இடைவேளையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். முதல் ஒரு நாளில் பருப்பின் மேல்முகம் உலராவிட்டால், பிறகு எத்தனை தீ மூட்டினாலும் பிடித்த பூஞ்சணம் போகாது.

இனிக் கொட்டிலுக்குள் போவோம்.

பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்புறமும் மண்ணாலோ கல்லாலோ சுவர். மேலே கிடுகு வேய்ந்த அல்லது ஓடு போட்ட கூரை. உள்ளே ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு பரண். கமுகஞ் சலாகைகளை விரற்கடை இடைவெளி விட்டு அடித்த தளம். அதன்மேல் இரண்டாகப் பிளந்த தேங்காய்ப் பாதிகளைச் சிரட்டையோடு குவித்துப் பரப்புவார்கள். பரணுக்குக் கீழே நிலத்தில் தீ. அடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. புகைபோக்கியும் இல்லை. கொட்டிலே அடுப்பு, கூரையின் இடுக்குகளே புகைபோக்கி.

தீ வைக்கும் முறையைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். விறகு இல்லை. பொச்சு இல்லை. வெறும் சிரட்டை. சிரட்டைப் பாதிகளை ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்றைச் செருகி நீள வரிசையாக, இரட்டை வரிசையாக, நிலத்தில் அடுக்குகிறார்கள். ஒரு முனையில் மட்டும் தீ வைக்கிறார்கள். முதற் சிரட்டை எரியும்போது அடுத்த சிரட்டையைச் சூடாக்கி ஆயத்தப்படுத்துகிறது. அது பற்றும்போது முதலாவது கனன்று தணலாகிவிடுகிறது. இப்படி ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு தீ ஊர்ந்து செல்கிறது. ஒரு வரிசை பல மணி நேரம் எரியும். ஒருவர் பக்கத்தில் நின்று விசிறவும் வேண்டாம், விறகு தள்ளவும் வேண்டாம். சுவாலை குதித்து எழாது. எனவே பரண் பற்றாது. சிரட்டை நன்கு உலர்ந்ததாக இருந்தால் புகையும் சொற்பம்.

நாலு நாள் அளவில் இந்தத் தீயை விட்டு விட்டு மூட்டுகிறார்கள். ஒரு வரிசை எரிந்து அடங்கியதும் சற்று ஆறவிட்டு மறு வரிசை. ஏன் ஆறவிட வேண்டும்? பருப்பின் உள்ளே இருக்கும் ஈரம் மேல்முகத்துக்கு வந்து சேர நேரம் வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்முகம் தோல்போல் இறுகிவிடும். உள்ளே ஈரம் சிறைப்பட்டு நிற்கும். வெளியே பார்க்கப் பொன்னிறமாக இருக்கும், உள்ளே நனைந்திருக்கும். சந்தையில் அதன் குட்டு வெளிப்பட நாளாகாது. இரண்டாம் நாளளவில் பருப்பு சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கழன்றுகொள்ளும். அப்போது எல்லாவற்றையும் இறக்கி, பருப்பை வேறாக்கி, மறுபடியும் பரணில் ஏற்றுவார்கள். கழற்றிய சிரட்டை கீழே போகும்.

இந்தச் சுழற்சியை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு. தேங்காய் தன்னை உலர்த்தும் விறகைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. காட்டில் ஒரு கிளை வெட்ட வேண்டியதில்லை. எல்லாச் சிரட்டையும் தீர்ந்துபோவதும் இல்லை; ஒரு பகுதி மிஞ்சும். மிஞ்சியதைக் கரி சுடுகிறவர்கள் வாங்கிப் போவார்கள். பொச்சுக்கு வேறு வேலை இருக்கிறது. களப்போரத்துக் குழிகளில் ஊறித் தும்பாகும். பொச்சை எரித்தால் புகை மண்டி, கொப்பரா கறுத்து, எண்ணெயில் புகை நாறும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் பொச்சும் சிரட்டையும் சேர்த்து எரித்தே உலர்த்தினார்கள். அவர்களுடைய கொப்பராவின் பழுப்பு நிறமும் புகை மணமும் வணிகரிடையே பெயர்போனவை. இலங்கை வெள்ளைக் கொப்பராவுக்குக் கிடைத்த மதிப்பின் இரகசியம் அடுக்கிய சிரட்டைதான்.

இந்த முறையை யார் முதலில் கண்டார்கள் என்று தேடுவது வீண். பெயர் தெரியாத தோட்டத் தொழிலாளி ஒருவரின் கை அதில் இருந்திருக்கும். விஞ்ஞானிகள் வந்தது பிறகுதான். தென்னை ஆராய்ச்சிக்கென்று 1928இல் சட்டம் இயற்றப்பட்டு, 1929இல் இதே புத்தளம் மாவட்டத்தின் தெற்கே லுணுவிலயில் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அதுவே இன்றைய தென்னை ஆராய்ச்சி நிலையம். அங்கே இரசாயனவியலாளராக வந்து பணிப்பாளராகவும் இருந்த ரெஜினால்ட் சைல்ட், தென்னையைப் பற்றி எழுதி 1964இல் வெளியான நூல் நெடுங்காலம் உலகெங்கும் கைநூலாக இருந்தது. தொழிலாளியின் கைப்பழக்கத்தை அளந்து, பரணின் உயரம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். சர்வதேசக் கைநூல்களில் இன்றும் இது "சிலோன் கில்ன்", அதாவது இலங்கைப் போறணை என்றே குறிக்கப்படுகிறது. நாட்டின் பெயர் 1972இல் மாறிவிட்டது. போறணையின் பழைய பெயர் மாறவில்லை.

போர்க்காலங்களில் இந்தக் கொட்டில்களின் மதிப்பு திடீரென உயர்ந்தது. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு வீசப்பட்டபோது, முகமூடிக்குள் வைத்து மூச்சைச் சுத்தப்படுத்தச் சிறந்த கரி தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று கண்டார்கள். 1918இல் அமெரிக்காவில் சிரட்டையும் பீச் பழ விதையும் சேகரிக்க மக்களிடம் இயக்கமே நடந்தது. இரண்டாம் போரில் 1942இல் மலாயாவும் பிலிப்பைன்ஸும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. உலகத்துக் கொப்பராவின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எண்ணெயும் அதிலிருந்து கிடைக்கும் கிளிசரினும் நேச நாடுகளுக்கு வேண்டும். கிளிசரின் இல்லாமல் பல வெடிமருந்துகள் இல்லை. அந்த ஆண்டுகளில் இலங்கைக் கொட்டிலில் ஊர்ந்த சிரட்டைத் தீ, யுத்தத்தின் ஒரு சிறிய பின்புலமாக இருந்தது. கொட்டிலில் வேலை செய்தவருக்கு ஆயிரம் தேங்காய்க்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு.

சாலமன் தீவுகளில் வேறொரு வழி உருவானது. குவாடல்கனால் தீவில் உள்ள குக்கும் என்ற இடத்தின் பெயரால் அது வழங்குகிறது. எண்ணெய்ப் பீப்பாய்களின் அடியை வெட்டி, ஒன்றோடொன்று முனை பொருத்தி, நீண்ட இரும்புக் குழாய் ஆக்கி, அதைக் கொப்பராப் பரணுக்குக் கீழே கிடத்துவார்கள். ஒரு முனையில் விறகு எரியும். மறு முனையில் புகைபோக்கி. புகை குழாய்க்குள்ளேயே போய்விடும். குழாயின் மேற்பரப்புச் சூடுதான் கொட்டிலின் காற்றைச் சூடாக்கும். குளிர்நாட்டுப் பட்டறை அடுப்பு வெப்பக் கடலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது போல! புகை துளியும் படாத கொப்பரா அதில் கிடைக்கும். ஆனால் பீப்பாய் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓட்டையாகும், மாற்ற வேண்டும். விறகும் வேண்டும். நமது போறணையோ இரும்பும் கேட்பதில்லை, விறகும் கேட்பதில்லை.

விறகு என்றதும் களப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தளம் களப்பைச் சுற்றிக் கண்டல் மரங்கள் அடர்ந்திருந்தன. கண்டல் விறகு நின்று எரியும். பாண் போறணைக்கும் வீட்டடுப்புக்கும் அது வெட்டப்பட்டது. 1980களிலிருந்து இறால் பண்ணைக்காக அழிந்த கண்டல் அதைவிடப் பல மடங்கு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர் என்பர், அவர்களில் பெரும் பகுதியினர் இந்தப் புத்தளம், கற்பிட்டிக் கரைகளில் வந்து இறங்கினார்கள். தென்னந்தோப்பின் நிழலில் கிடுகுக் குடிசைகள் வரிசை வரிசையாய் எழுந்தன. கூரையும் தென்னை, சுவரும் தென்னை, அடுப்பெரித்த ஓலையும் மட்டையும் சிரட்டையும் தென்னை. கையில் எதையும் கொண்டுவர விடப்படாதவர்களுக்கு அந்த மரம் என்னவாக இருந்தது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2015இல் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக இலங்கை அறிவித்தது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சிறு மீனவர் அமைப்பு ஒன்று அதில் முன்னின்றது நமது மாவட்டத்துக்குப் பெருமை.

சிரட்டைத் தீயை இத்தனை புகழ்ந்த பிறகு அதன் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, தீ தீதான். கிடுகுக் கூரையின் கீழே, எண்ணெய் நிறைந்த பண்டத்துக்கு அடியில் மூட்டப்படும் தீ. ஒரு காய்ந்த துண்டு பரண் இடுக்கால் தணலில் விழுந்தால் சுவாலை எழும். இரவில் காவல் இருப்பவர் கண்ணயர்ந்தால் விடியும்போது கொட்டில் இருக்காது. சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர் பள்ளிக்குப் போகும் வழியில் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது பக்தியோடு சேர்ந்த முன்ஜாக்கிரதை.

இரண்டாவது குற்றம் கண்ணுக்குத் தெரியாதது. சிரட்டை எவ்வளவு உலர்ந்திருந்தாலும் புகை அறவே இல்லாமல் எரிவதில்லை. புகையில் உள்ள சில கரிமச் சேர்வைகள் கொப்பராவில் படிந்து எண்ணெய்க்கும் போகின்றன. அவற்றுள் பென்சோபைரீன் போன்றவை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வகுத்த விதியில், நேரடியாக உண்ணும் தேங்காய் எண்ணெயில் பென்சோபைரீன் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றது. இதற்கு மாற்று என்ன தெரியுமா? எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது உயிர்ப்பூட்டிய கரியைச் சேர்த்து வடிகட்டுகிறார்கள். அந்தக் கரி எதிலிருந்து செய்யப்படுகிறது? பெரும்பாலும் சிரட்டையிலிருந்து! சிரட்டைப் புகை செய்த தவறைச் சிரட்டைக் கரி வந்து துடைக்கிறது. இதே மாவட்டத்து மாதம்பையில் அத்தகைய கரி செய்யும் தொழிற்சாலை உண்டு. அதன் கரி உலகெங்கும் தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் போகிறது.

புகைக்குப் பயந்து தீயைக் குறைத்தால் அடுத்த பகைவன் காத்திருக்கிறான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பங்கசு ஒன்றின் நஞ்சே காரணம் எனக் கண்டு அதற்கு அஃப்ளாரொக்ஸின் என்று பெயரிட்டார்கள். ஈரம் வற்றாத கொப்பராவில் மஞ்சட் பச்சையாய்ப் பூக்கும் பூஞ்சணமும் அதே குடும்பம்தான். 2021 மார்ச்சில், சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் வேளையில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இந்த நஞ்சு இருந்ததென்று நாடு முழுவதும் பெரும் பரபரப்பு எழுந்தது நினைவிருக்கும். தென்னை முக்கோணத்தின் நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து நஞ்சூறிய தேங்காய் எண்ணெய்! கோபம் வந்ததில் வியப்பில்லை. அந்தக் கோபத்தினிடையே நான் நினைத்தது வேறு. எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கொட்டிலில், முதல் நாள் இரவு தீ ஒழுங்காக எரியவில்லை. அவ்வளவுதான்.

இன்று பள்ளிவாசல்துறைப் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கொப்பராக் கொட்டில் அல்ல. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி. 2011இல் முதற் பகுதியும் 2014இல் மற்றவையும் இயங்கத் தொடங்கி, மொத்தம் 900 மெகாவாட். கடல் கடந்து வரும் நிலக்கரி, கடலுக்குள் நீண்ட பாலத்தின் வழியே கரையேறுகிறது. நாட்டின் விளக்குகளில் பெரும் பங்கு அந்தத் தீயால் எரிகிறது. சாம்பலையும் கரித்தூளையும் பற்றி அயலூரவர் செய்த முறைப்பாடுகளும் செய்திகளில் வந்தவண்ணம் இருந்தன. லண்டனில் விளக்கெரிக்க இக்கரையின் தேங்காய் போன காலம் போய், நம் வீட்டு விளக்குக்கு வேற்று நாட்டுக் கரி இக்கரைக்கு வரும் காலம்.

கொட்டில்களின் நிலை என்ன? 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டியது. சமையலுக்கே தேங்காய் கிடைக்காதபோது கொப்பராவுக்கு யார் பிளப்பார்? விலை இறங்கும்போது கொட்டிலில் தீ ஏறும். விலை ஏறும்போது தீ இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை 1930களின் உலக மந்தத்திலேயே தோட்டக்காரர்கள் கண்டவர்கள். அப்போது மறு திசையில். கொப்பரா விலை விழுந்து, உரித்த கூலிக்கும் கட்டாமல் போனது.

ஒன்று மட்டும் இத்தனை ஆண்டில் மாறவில்லை. கொப்பரா காய்ந்துவிட்டதா என்று அறிய ஈரமானிக் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனாலும் நாலாம் நாள் பரணில் ஏறுகிறவர் முதலில் செய்வது ஒரு துண்டைக் கையிலெடுத்து இரண்டு கைகளாலும் வளைத்துப் பார்ப்பது. ஈரம் இருந்தால் தோல்போல் வளைந்து கொடுக்கும். காய்ந்திருந்தால் "டக்" என்று முறியும். முறிந்த முகம் நடுவரை ஒரே வெண்மையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொட்டிலின் கதவைத் திறந்துவிடுகிறார்கள். காற்று உள்ளே வருகிறது. கொப்பராவைச் சாக்கில் கட்டுகிறார்கள். கழற்றிய சிரட்டைகளில் நல்லவற்றைப் பொறுக்கி, கரிகாரருக்குக் கொடுக்காமல், ஒரு மூலையில் தனியாகக் குவித்து வைக்கிறார்கள். அடுத்த முறை பரணில் தேங்காய் ஏறியதும் கீழே முதல் வரிசை அடுக்க அவைதான் வேண்டும்.